பேர் சொல்லாத துஆ

உக்காருங்க தங்கச்சி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். அந்தக் கண்டக்டர் என்ன பேச்சுப் பேசிட்டுப் போறான், பாத்தீங்கல்ல? பைக்கும் டிக்கெட் எடுன்னு. அறுபதை எட்டப் போற பொம்பளை, தனியா மெட்ராசுக்குப் போறேன், பை இல்லாமயா போவேன்? நான் எவ்வளவு பொறுமையாச் சொன்னேன்னு நீங்களே பாத்தீங்க. சத்தம் போட்டேனா? கொஞ்சம் போட்டேன். வண்டி இரைச்சல்ல அவனுக்குக் கேக்கணும்ல.

நான் கோபக்காரி இல்லைங்க. அதை முதல்லயே சொல்லிடுறேன். எங்க தெருவுல வந்து நாச்சியா எப்படின்னு யாரை வேணாலும் கேளுங்க. கோபம் வந்தா சட்டி பானையைத் தூக்கி எறியிறவ உண்டு, வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துறவ உண்டு. நான் அந்த ஜாதி கிடையாது. எனக்குக் கோபம் வந்தா அதை அப்படியே தூக்கிக்கிட்டு அல்லாஹ்கிட்ட போயிருவேன். பதினோரு வருஷமா அப்படித்தான்.

நீங்க எது வரைக்கும்? தாம்பரமா? நல்லதாப் போச்சு. நானும் அங்க எறங்கி வேற வண்டி புடிக்கணும். சிநேகிதி ஒருத்தி ஹஜ்ஜுக்குப் போறா. நாளைக்குக் காலையில ஏரோப்ளேன். அதுக்குள்ள அவளைப் பாத்தாகணும்.

சிநேகிதின்னா சொன்னேன்? வாய்ப் பழக்கம் பாருங்க. பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாதவ.

ஜெய்தூன்னு பேரு. அவ வீடும் என் வீடும் ஒட்டுன வீடு. நடுச்சுவத்துல ஒரு சின்னக் கதவு இருக்கும், குனிஞ்சு தான் போகணும். உப்பு இல்லையா, அந்தக் கதவு. புள்ளைக்குக் காய்ச்சலா, அந்தக் கதவு. ரெண்டு பேரும் ஒரே வருஷம் கல்யாணமாகி வந்தவங்க. எங்க ரெண்டு பேர் வீட்டுக்காரங்களும் அரபு நாட்டுல கெடந்தாங்க. எங்களுக்கு நாங்க தான் துணை.

எம் மவ சுமையாவுக்கு ஒன்பது வயசுல ஒரு நாள், சோறு தின்னுக்கிட்டு இருந்த புள்ள, அப்படியே சாஞ்சுட்டா. கை கால் இழுத்துக்கிச்சு. வாயில நொரை. நான் நட்டு வச்ச மாதிரி நிக்கிறேன். அந்தச் சின்னக் கதவு வழியா ஜெய்தூன் தான் ஓடி வந்தா. தெருச்சனம் பூராவும் கூடி இரும்பு குடு, சாவி குடுன்னு கத்துது. "யாரும் சாவி கீவின்னு கிட்ட வராதீங்க"ன்னு ஒரு அதட்டு. புள்ளையை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலையைத் தன் மடியில ஏந்திக்கிட்டா. தஞ்சாவூர் பெரிய டாக்டர்கிட்ட போனப்பவும் அவ தான் கூட வந்தா.

டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னாரு. வலிப்பு. மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது, எல்லாரையும் போல இருக்கலாம்னாரு. நான் வீட்டுல சட்டம் போட்டுட்டேன், அந்தப் பேரை ஒருத்தரும் சொல்லக் கூடாது. தலைவலி மாத்திரைன்னு தான் சொல்லணும். மாத்திரை அட்டையை டீத்தூள் டப்பாவுல வச்சேன். பொட்டப் புள்ள பாருங்க. நாளைக்கு எவன் வீட்டுக்காவது போகணும்ல. ஜெய்தூன் கையைப் புடிச்சுச் சொன்னேன், "இது உங்கிட்ட அமானிதம்"னு. அமானிதம்னா, நம்பி ஒப்படைச்ச பொருள் மாதிரி. உயிரே போனாலும் வெளிய விடக் கூடாது. அவளும் தலையாட்டினா.

ஆட்டினாளா இல்லையா? ஆட்டினா.

சுமையாவுக்கு இருபத்தொரு வயசுல நல்ல எடத்துல பேசி முடிச்சோம். நாகூர்ப் பக்கம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர்ல வேலை. பத்திரிகை குடுத்தாச்சு. பிரியாணிக்கு ஆள் பேசியாச்சு. நிக்காஹுக்குப் பத்தே நாள். அன்னைக்குப் பாத்து மாப்பிள்ளையோட பெரியம்மா வந்து நடுவீட்டுல நிக்குது. உக்காரக் கூட இல்லை. "உங்க பொண்ணுக்கு இப்படி ஒரு சங்கதி இருக்கிறதை மறைச்சுட்டீங்களே"ன்னுச்சு. எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. "யார் சொன்னா?"ன்னு கேட்டேன். "உங்க பக்கத்து வீட்டு ஜெய்தூன் தான் வந்து சொன்னாங்க"ன்னுச்சு.

அந்தச் சின்னக் கதவைத் தள்ளிக்கிட்டுப் போனேன். குனிஞ்சு போகணும்ங்கிறது கூட மறந்து, நெத்தியில இடிச்சு ரத்தம் வந்துருச்சு. அவ மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தா. "நீயா?"ன்னேன். முன்னால இருந்த அரிவாள்மனையைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சா. "ஆமா நாச்சியா. நான் தான் போய்ச் சொன்னேன். பொருந்திக்க"ன்னா. பொருந்திக்கன்னா மன்னிச்சு விட்டுருன்னு எங்க பக்கம் அர்த்தம். அவ்வளவு தான். ஏன் சொன்னே, எதுக்குச் சொன்னே, ஒரு விளக்கம் கிடையாது. நான் என்னென்னவோ கேட்டேன். மீன் கையோட நின்னுக்கிட்டு "பொருந்திக்க, பொருந்திக்க"ன்னு அதையே சொன்னா.

அன்னைக்கே அந்தக் கதவுக்கு முன்னால இரும்புப் பெட்டியை இழுத்துப் போட்டேன். தனியாளா இழுத்தேன். இடுப்பு இன்னும் வலிக்குது.

நீங்க சொல்லுங்க தங்கச்சி, இது துரோகமா இல்லையா?

எனக்கு அப்புறம் உடம்பே என் உடம்பா இல்லை. சோறு எறங்கல. உலை வைக்கப் போனா உலை மாதிரி நான் கொதிக்கிறேன். எங்க தெருவுல பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஓதிக் குடுக்குற ஆலிமா ஒருத்தங்க இருக்காங்க. சின்ன வயசு தான், ஆனா படிச்சவங்க. அவங்ககிட்ட போய் அழுதேன். அவங்க பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாங்க, "கோபம் வந்தா நின்னுக்கிட்டு இருந்தா உக்காருங்க. உக்காந்திருந்தா படுத்துக்கங்க. அப்பவும் அடங்கலைன்னா ஒளுச் செய்யுங்க, கோபம் நெருப்பு, தண்ணி அதை அணைக்கும்"னு. ஒளுன்னா தொழுகைக்கு முன்னால கை, முகம், கால் கழுவுறது. "ரெண்டு ரக்அத் தொழுதுட்டு, மனசு விட்டு அல்லாஹ்கிட்ட துஆக் கேளுங்க. ஆனா ஒண்ணு, யார் பேரையும் சொல்லிக் கேடு கேட்டுறாதீங்க." துஆன்னா வேண்டிக்கிறது.

நான் அத்தனையும் செஞ்சேன். அந்தக் கோடையில ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை ஒளுச் செஞ்சேன்னா நம்புவீங்களா? மாடித் தொட்டித் தண்ணி மத்தியானத்துக்குள்ள காலி. கால் விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண் வந்து, டாக்டர் "வயல்ல நடவுக்குப் போறீங்களா?"ன்னு கேக்குறாரு. ஒளுச் செஞ்ச புண்ணுன்னு எப்படிச் சொல்ல? உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன். படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். அடுப்புல பால் பொங்கிக்கிட்டு இருக்கும், நான் தரையில படுத்துக் கெடப்பேன்.

பேரு சொல்லாதீங்கன்னாங்கல்ல, அதையும் அட்சரம் பிசகாமக் கடைப்புடிச்சேன். பதினோரு வருஷத்துல ஒரு நாள் கூட துஆவுல அவ பேரு என் வாயில வரலை. எப்படிக் கேப்பேன் தெரியுமா? "யா அல்லாஹ், எம் மவ சங்கதியை எவ வெளிய விட்டாளோ, அவ வாசல்ல தொட்டில் கட்டக் கூடாது." அவ்வளவு தான். பேரு இல்லை, ஊரு இல்லை. எவ்வளவு நயமாக் கேக்குறோம்னு எனக்கே அப்ப ஒரு பெருமை. அஞ்சு வேளைத் தொழுகைக்கும் பொறகு கேப்பேன். கேட்டு முடிச்சுக் கையை முகத்துல தடவினா மனசு அப்படி லேசாயிரும். ஆலிமா தெருவுல பாத்துட்டு, "இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேப்பாங்க. "ரொம்ப நிம்மதியா இருக்கேம்மா, கோபமெல்லாம் போயே போச்சு"ன்னு சொல்லுவேன். உண்மையாத் தான் சொன்னேன்.

அவளுக்கு ஒரே மவன். மறுவருஷம் அவனுக்குக் கல்யாணம். அதுக்கடுத்த வருஷம் புள்ள. ஒண்ணு கூட இல்லைங்க, ரெட்டைப் புள்ள! சுவத்துக்கு அந்தாண்ட ரெண்டு தொட்டில் ஆடுது. அவ தாலாட்டுறது எனக்குக் கேக்கும். கேக்காம இருக்க ஃபேனைக் கூட்டி வைப்பேன். அல்லாஹ் சோதிக்கிறான், துஆவைக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கான், ஒரேயடியாத் தள்ள மாட்டான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அப்புறம் மூணாவதா ஒரு பொட்டப் புள்ளையும் பொறந்துச்சு. தெரு முழுக்கச் சீனி குடுத்தாங்க. எனக்கும் வந்துச்சு. நான் எறும்புக்குப் போட்டேன்.

என்ன, தண்ணி வேணுமா? இந்தாங்க, குடிங்க. எம் மருமவன் ரெண்டு பாட்டில் வாங்கி வச்சிருக்கான். காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, எடம் புடிச்சு உக்கார வச்சுட்டுத் தான் போனான். நல்ல புள்ள தான். பேரு இதாயத்து. மன்னார்குடியில மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கான். சிங்கப்பூரு எங்க, கண்ணாடிக் கடை எங்க. அது வேற விஷயம்.

அவன் பொண்ணு பாக்க வந்த கதையைக் கேளுங்க. முதல் சம்பந்தம் ஒடஞ்சு மூணு வருஷம் கழிச்சு வந்தான். சுமையா டீ கொண்டு வந்து குடுத்தா. குடுத்துட்டு உள்ள போகாம நின்னுக்கிட்டு, "எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன். இப்ப நாலு வருஷமா வரலை"ன்னுட்டா. பூமி பொளந்து என்னை முழுங்கக் கூடாதான்னு இருந்துச்சு. அவன் டீயை ஒரு மடக்குக் குடிச்சுட்டு, "எத்தனை மணிக்குச் சாப்பிடணும்?"னு கேட்டான். அதைத் தான் கேட்டான், வேற ஒண்ணும் கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் காலையில எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் அவன் போன்ல மணி அடிக்கும். எங்க இருந்தாலும் தண்ணியும் கையுமா வந்து நிப்பான். ஒரு ஆம்பளை இப்படி நிக்கிறது எனக்குப் பாக்கவே என்னமோ போல இருக்கும். இதெல்லாம் யாரால? ஜெய்தூன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எம் மவ இந்நேரம் சிங்கப்பூர்ல இருந்திருப்பா.

என்ன பாக்குறீங்க? சந்தோசமா இருக்காளான்னு கேக்குறீங்களா? இருக்கா. இல்லைன்னு சொல்லலை.

ஆனா புள்ள தங்கலை. கல்யாணமாகி எட்டு வருஷம். மூணு தடவை உண்டாகி, மூணு தடவையும் போச்சு. முதல்ல ரெண்டு மாசத்துல. அடுத்தது நாலு மாசத்துல. மூணாவது அஞ்சு மாசம், ஆம்பளைப் புள்ள, கை விரல் எல்லாம் இருந்துச்சு. அந்தச் சின்ன உசிரை அவ வாப்பா, என் வீட்டுக்காரர், ஒரு துண்டுத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போய் அடக்கிட்டு வந்தாரு. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்து குளிச்சு, தொழுகைப் பாயை விரிச்சு உக்காந்து, எப்பவும் கேக்குறதை விட இன்னும் அழுத்திக் கேட்டேன். "யா அல்லாஹ், எம் மவ இப்படிக் கெடக்கா. எவ வாய் தொறந்து இதுக்கெல்லாம் வழி பண்ணினாளோ, அவளை விட்டுறாதே. அவ வாசல்ல தொட்டில் கட்டவே கூடாது." அந்த ரெட்டைப் புள்ளைங்க சுவத்துக்கு அந்தாண்ட சிரிக்குதுங்க. நான் இந்தாண்ட இதைக் கேக்குறேன். மூணு தடவையும் அப்படித்தான் கேட்டேன்.

இருங்க. கண்ணுல என்னமோ தூசி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

இப்ப சுமையாவுக்கு ஏழு மாசம். அல்லாஹ் உதவியில நிக்குது. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். எழுந்தா புடிச்சுக்க ஒரு ஆள், உக்காந்தா ஒரு ஆள்னு பாத்துக்கிறோம். மாத்திரையை நிப்பாட்டவும் முடியாது, நிப்பாட்டினா வேற ஆபத்து. டாக்டர் ஒவ்வொரு வாரமும் வரச் சொல்றாங்க.

நேத்து அசர் தொழுதுட்டு உக்காந்திருக்கேன். அசர்னா சாயங்காலத் தொழுகை, நாலு மணிக்கு மேல. எங்கள்ல ஹஜ்ஜுக்குப் போறவங்க வீடு வீடாப் போய், தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா பொருந்திக்கங்கன்னு கேட்டுட்டுத் தான் கெளம்புவாங்க. மனுஷங்க கணக்கை மனுஷங்ககிட்டத் தீத்துட்டுப் போகணும், அங்க போய் அழுதா மட்டும் ஆகாது. தெருவே ஜெய்தூன் வீட்டு வாசல்ல நிக்குது, வேன் வந்து நிக்குது, எனக்கு எல்லாம் கேக்குது. வருவாளா, எங்கிட்டயும் வருவாளான்னு இருக்கு. வாசல்ல அவ குரல். "சுமையா, உங்க உம்மா இருக்காளா?"

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சடக்குனு எந்திரிச்சுக் கையைக் கட்டித் தொழுகையில நின்னுட்டேன். தொழுகையில நிக்கிறவங்களைக் கூப்புடக் கூடாது, குறுக்க போகக் கூடாது, தொடக் கூடாது. அது எங்க மார்க்கம். தொழுதா தப்பா சொல்லுங்க?

வந்து பின்னால உக்காந்தா. முட்டி ரெண்டும் சொடக்குப் போடுது, வயசாயிருச்சுல்ல அவளுக்கும். சுமையா டீ கொண்டாந்து குடுக்குறா. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுறாங்க. நான் குனியிறேன், நிமிர்றேன், சஜ்தாவுல நெத்தியை வைக்கிறேன், எத்தனாவது ரக்அத்துன்னு எனக்கே தெரியலை. தொழுகை முடிஞ்சா வலப் பக்கமும் இடப் பக்கமும் திரும்பிச் சலாம் குடுக்கணும். திரும்பினா அவளைப் பாக்கணுமே? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டே திரும்பினேன். திரும்பினவ உடனே எந்திரிச்சு அடுத்த தொழுகைக்கு நின்னுட்டேன். இப்படி மூணு தடவை.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். அவ எந்திரிச்சா. என் முதுகுகிட்ட நின்னு சொன்னா, "நாச்சியா, நீ முடிக்கிற வரைக்கும் இருக்கணும்னு தான் ஆசை. வண்டி நிக்குது. நான் செஞ்சதைப் பொருந்திக்க. நீ என்னைய என்ன நெனச்சிருந்தாலும், என்ன கேட்டிருந்தாலும், நான் பொருந்திக்கிட்டேன்." போயிட்டா.

பொறுமை இல்லாதவ. இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் இருக்க முடியாதா?

சரி, உங்ககிட்டச் சொன்னா என்ன. நீங்க தாம்பரத்துல எறங்கி ஒரு பக்கம் போகப் போறீங்க. அசர் தொழுதுட்டா, பொழுது அடையிற வரைக்கும் எங்கள்ல உபரித் தொழுகை கிடையாது. தொழக் கூடாத நேரம் அது. நான் தொழலை தங்கச்சி. நின்னேன், அவ்வளவு தான். அது அவளுக்கும் தெரியும். என் கூடவே ஓதக் கத்துக்கிட்டவ. தெரிஞ்சு தான் அவ்வளவு நேரம் உக்காந்திருந்தா.

வேன் போயிருச்சு. திரும்பிப் பாத்தா சுமையா கட்டில்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. வயித்துல கையை வச்சுக்கிட்டு. பதறிப் போய், "வலிக்குதா?"ன்னேன். "உம்மா, அசருக்குப் பொறகு என்ன தொழுகை?"ன்னு கேட்டா. "ஜெய்தூன் மாமி மேல உங்களுக்கு இன்னுமா கோபம் தீரலை?"ன்னா. "எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை"ன்னேன். அப்பத் தான் சொன்னா.

"அவங்களாப் போய்ச் சொல்லலை உம்மா. நான் தான் அனுப்பினேன். மறைச்சுக் கட்டி வச்சா, அங்க போய் டீத்தூள் டப்பாவுல ஒளிச்சுத் திங்கணுமேன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. உங்ககிட்டச் சொன்னா நீங்க விட மாட்டீங்க. மாமி கால்ல விழாத கொறையா நான் தான் கெஞ்சினேன். அவங்க மாட்டேன்னாங்க. நீ போகலைன்னா நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிடுவேன்னேன். அதுக்கப்புறம் தான் போனாங்க."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லலை?"ன்னேன்.

"மாமி தான் தடுத்தாங்க. 'உங்க உம்மாவுக்கு இப்பக் கோபப்பட ஒரு ஆளு வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். உன் மேல கோபப்பட்டா அவ தாங்க மாட்டா'ன்னாங்க."

இந்தத் திமிரைப் பாத்தீங்களா? நான் எதைத் தாங்குவேன், தாங்க மாட்டேன்னு இவ யாரு முடிவு பண்ண? பதினோரு வருஷம் சுவத்துக்கு அந்தாண்ட வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாளே. ஒரு தடவை கதவைத் தட்டிச் சொல்லியிருந்தா? பெட்டி இருந்துச்சு தான். பெட்டியை மீறித் தட்டக் கூடாதா?

அவ மேல கோபப்பட்டுக்கிட்டே, பொழுது அடைஞ்சதும் மஹ்ரிப் தொழுதேன். தொழுது முடிச்சுக் கையை ஏந்தினேன். பழக்கம் பாருங்க, வாய் தானா ஆரம்பிக்குது. "யா அல்லாஹ், எம் மவ சங்கதியை எவ வெளிய விட்டாளோ..."

அப்படியே நின்னு போச்சு தங்கச்சி.

எதுத்தாப்புல கட்டில்ல சுமையா. ஏழு மாசத்து வயிறு மேலயும் கீழயுமா ஏறி எறங்குது.

எவ வெளிய விட்டா? யாரைக் கேட்டிருக்கேன் நான்? ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, பதினோரு வருஷம், யார் வாசல்ல தொட்டில் கட்டக் கூடாதுன்னு கேட்டிருக்கேன்? மூணு புள்ள போச்சே, ஒவ்வொண்ணு போனப்பவும் இன்னும் அழுத்திக் கேட்டேனே. பேரைச் சொல்லியிருந்தா ஜெய்தூனுக்குப் போயிருக்கும். பேரைச் சொல்லாம நயமாக் கேட்டேன். அது வீடு மாறாம, சரியான வாசலுக்குத் தான் வந்திருக்கு.

விடிஞ்சதும் ஆலிமா வீட்டுக்கு ஓடினேன். அவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அப்படியெல்லாம் இல்லை, புள்ள தங்காததுக்கு உடம்பு காரணம், மாத்திரை காரணம். அல்லாஹ்வுக்கு உங்க நிய்யத்துத் தெரியும், நீங்க உங்க மவளைச் சொல்லலைன்னு அவனுக்குத் தெரியாதா?"ன்னாங்க. நிய்யத்துன்னா மனசுல நெனச்சது. நான் கேட்டேன், "நெனச்சது தெரியும்னா இன்னும் மோசம் இல்லையாம்மா? ஒரு குத்தமும் செய்யாதவ வீட்டுல புள்ள கூடாதுன்னு நெனச்சது தானே அவனுக்குத் தெரியும்?" அதுக்கு அவங்க, "போய் அவங்களைப் பாருங்க"ன்னாங்க.

போன் போட்டாப் போதாதான்னு தானே கேக்க வர்றீங்க? போட்டேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து போட்டேன். எடுத்தா. "நாச்சியா?"ன்னா. என் நம்பரை இன்னும் வச்சிருக்கா பாருங்க. நான் வச்சுட்டேன். இது போன்ல கேக்குற சங்கதியா? "உன் பேரப் புள்ளைங்க பொறக்கக் கூடாதுன்னு பதினோரு வருஷம் கேட்டேன், பொருந்திக்க"ன்னு அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள எப்படிச் சொல்ல? கையைப் புடிச்சுத் தான் சொல்லணும். முகத்தைப் பாத்துத் தான் கேக்கணும். 'என்ன கேட்டிருந்தாலும் பொருந்திக்கிட்டேன்'னு அவ சொன்னது, என்ன கேட்டேன்னு தெரியாமச் சொன்னது. தெரிஞ்சு சொல்லணும். அப்புறம் அவ அங்க போய், கஃபாவைப் பாத்த உடனே, முதல் பார்வையில கேக்குறது வீண் போகாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, அந்த முதல் துஆவை எம் மவ புள்ளைக்குக் கேக்கணும். தன் பேரப் புள்ளைங்களை விட்டுட்டு என் பேரப் புள்ளைக்கு. கேப்பாளா? நான்னா கேக்க மாட்டேன். அவ கேப்பா.

நீங்களே கேக்க வேண்டியது தானேன்னு ஆலிமாவும் சொன்னாங்க. விடியக்காலைத் தொழுகை சுபுஹுல இருந்து பாக்குறேன், கையை ஏந்தினா அந்தப் பழைய வார்த்தை தான் முதல்ல வந்து நிக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கையை எறக்கிடுறேன். பதினோரு வருஷம் அதையே சொல்லிப் பழகின வாய். அதை நம்பி இப்ப எதையும் கேக்கப் பயமா இருக்கு.

என்னது, செங்கல்பட்டா வந்துருச்சு? அப்ப அசர் நேரம் ஆயிருக்கும். உக்காந்த எடத்துலயே தொழுதுக்கலாம், பிரயாணத்துக்கு அது உண்டு. தொழுதுருவேன். அதுக்கப்புறம் கேக்குறது தான் முடியாது.

தங்கச்சி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? நீங்க கும்புடுறவங்க தானே, வீட்டுல வெளக்கு ஏத்துவீங்கல்ல. உங்க வழியில ஒரு வார்த்தை கேளுங்க. எம் மவ புள்ள நல்லபடியா இந்தக் கைக்கு வரணும்னு. பெருசா ஒண்ணும் வேண்டாம். ஆனா பேரைச் சொல்லிக் கேளுங்க. அது முக்கியம். ஒரு பொண்ணு, பஸ்ல பாத்த அம்மாவோட மவளுன்னு பொதுவாக் கேட்டுறாதீங்க. சுமையா. நாச்சியா மவ சுமையா. மன்னார்குடி கண்ணாடிக் கடை இதாயத்து பொஞ்சாதி சுமையா.

எங்க, ஒரு தடவை சொல்லுங்க, கேக்குறேன்.

ம். இன்னொரு தடவை.